மாமனாரும் ஹார்ட்லியும்

நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஒரு மனிதரை நான் ஐந்து நாள் சாகக் கிடத்தியிருக்கிறேன். விஷம் வைக்கவில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் சொன்னேன், அவ்வளவுதான். அந்த மனிதர் என் மாமனார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லடத்துக்குப் பக்கத்தில், பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற வீட்டுக்கு என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது தரகர் என் நிறத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு பி.ஏ. இங்கிலீசுங்க" என்று மட்டும் சொன்னார். என் மாமனார் அந்த ஒரு வாக்கியத்திலேயே சம்மதித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நூல் வியாபாரிகள் இங்கிலீஷில் எழுதிய காகிதத்தை நீட்டும்போதெல்லாம் அவருக்குள் ஒரு சின்ன அவமானம் எழும் போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் மருமகள் அதைத் தீர்த்து வைப்பாள் என்று நம்பினார்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தது நிஜம். இங்கிலீஷ் படித்தேனா என்றால், அது வேறு கேள்வி. தமிழில் கதைச்சுருக்கம் போட்ட நோட்ஸ் ஒன்று அப்போது கிடைக்கும். கதையைத் தமிழில் தெரிந்துகொண்டு, விடைகளை இங்கிலீஷில் சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் செய்து பாஸானவள் நான். (நடுவில் ஒரு வரி மறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.) இலக்கணத்துக்கு டுடோரியல் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த சார் கரும்பலகையில் எழுதி, ஒரே வாக்கியத்தில் வினையுரிச்சொல்லை முடித்துவிட்டார்.

"பின்னால எல்-ஒய் வந்தா 'ஆக'ன்னு போட்டுக்கோங்க. ஸ்லோன்னா மெதுவு, ஸ்லோலின்னா மெதுவாக. குயிக்லின்னா வேகமாக. பேட்லின்னா மோசமாக. வேற ஒண்ணும் இல்லை."

வேறு ஒன்றும் இல்லை என்று நானும் நம்பினேன். ஹார்டு என்றால் கடுமை. ஹார்ட்லி என்றால் கடுமையாக. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

புகுந்த வீட்டில் முதல் ஏழு மாதம் சமாளித்துவிட்டேன். மிக்ஸிக்கு வந்த புத்தகம், பூச்சிமருந்து டப்பா, தறி உதிரிபாகத்தின் அட்டை என்று எது வந்தாலும் "மருமக படிக்கும்" என்று என்னிடம் கொடுப்பார்கள். நானும் கண்ணாடி போடாத குறையாகப் பார்த்து, தெரிந்த இரண்டு வார்த்தையை வைத்து மீதியைக் கட்டிவிடுவேன். என் வீட்டுக்காரரின் வெளிநாட்டுச் சட்டை ஒன்றை, அதன் காலரில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லி, கொதிக்கிற தண்ணீரில் போட வைத்தேன். அது பத்து வயசுப் பையன் போடுகிற அளவுக்குச் சுருங்கிப்போனது. ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சட்டையைத்தான் திட்டினார்கள்.

அந்த வருடம் ஊர்த் திருவிழாவான நோம்பி முடிந்த மறுநாள் காலையில், மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் கெடா விருந்து. மூன்று பந்தியிலும் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. அரைமணி நேரத்தில் அம்பாசிடர் காரில் போட்டுக் கோயமுத்தூர் கொண்டுபோனோம். அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு நாள் வைத்திருந்து ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். மாமாவுக்கு வலி முதல் நாளே நின்றுபோனது. ஆனால் ஆஸ்பத்திரியில் வலி நின்றவரை எவரும் நம்புவதில்லை.

மூன்றாம் நாள் காலை, பெரிய டாக்டர் வந்தார். வடநாட்டுக்காரர். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் வீட்டுக்காரர் கார் கொண்டுவரப் போயிருந்தார். வார்டுக்கு வெளியே நானும் என் மாமியாரான அத்தையும் மட்டும் நின்றோம். அத்தை என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"நீ போயி கேளு அம்மணி. உனக்குத்தான் அவிய பாசை புரியும்."

டாக்டர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே பேசினார். வேகமான இங்கிலீஷ். என் காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்கிறேன். இன்று வரை ஒரு எழுத்து மறக்கவில்லை.

"தேர் ஈஸ் ஹார்ட்லி எனி டேமேஜ் டு த ஹார்ட். ஹார்ட்லி எனி பிளாக்."

மனசுக்குள் தமிழில் மாற்றினேன். கடுமையான சேதம். கடுமையான அடைப்பு.

"ஹார்ட்லி, சார்?" என்று கேட்டேன்.

"ஹார்ட்லி" என்று சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார். அந்த இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கடுகு போகலாம். ரத்தக்குழாயில் இனி அவ்வளவுதான் வழி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் சொன்னார்: இங்கே நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள். விரும்பியதைச் சாப்பிடட்டும். இந்த மூன்று வாக்கியமும் எனக்குச் சரியாகவே புரிந்தன. அதுதான் வினையாகிப்போனது. கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் இன்னும் என்னவோ சொல்லிச் சிரித்தார். (எல்லாவற்றையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டாம் என்றிருக்கிறார். அது வேறொரு நாள் புரிந்தது.) இப்படிப்பட்ட சேதியைச் சிரித்துக்கொண்டே சொல்ல எவ்வளவு பழக்கம் இருக்க வேண்டும் என்று நினைத்து, எனக்கு அந்த ஆள்மேல் பயம்கூட வந்தது.

திரும்பினேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாலும் 'ஹார்ட்டு' தெரியும். டாக்டர் அதை நாலு தடவை சொன்னதை எண்ணிவிட்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போகச் சொன்னாரு."

"செரியாப் போச்சுன்னா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த வழியாக வந்த மலையாளி நர்ஸ் அவர் தோளைத் தட்டி, "எல்லாம் ஈஸ்வரன் பாத்துக்கும்" என்றாள். அவள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாளாக இருக்கும். எங்களுக்கு அது முத்திரை குத்தியது போலிருந்தது.

அங்கே தமிழ் தெரிந்த சின்ன டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இன்றும் வீட்டில் கேட்கிறார்கள். பி.ஏ. இங்கிலீஷ் மருமகள், பெரிய டாக்டர் சொன்னது புரியாமல் சின்ன டாக்டரிடம் போய்க் கேட்டாள் என்று பேச்சு வந்தால் என்ன ஆவது? அந்த நேரத்திலும் அதை யோசித்தேன். அப்படிப்பட்ட பிறவி.

கார் நிறுத்துமிடத்தில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கிளப்பிய காரை அணைத்தார்.

"நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டனுங்க."

"மாத்திரை எத்தனை நாளைக்குக் குடுத்திருக்காங்க?"

பையிலிருந்து எடுத்தேன். ஒரே ஒரு அட்டை. பத்து மாத்திரை. காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. அவர் மனக்கணக்குப் போட்டார்.

"அஞ்சு நாளா?" என்றார். அப்புறம் அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயிற்றுக் கேஸுக்குக் கொடுத்த மாத்திரை அது. அட்டையில் மருந்தின் பெயர் இருந்தது, நானும் படித்தேன். பெயரே நீளமாக, பயங்கரமாக இருந்தது. (அதில் ஒரு எல்-ஒய் இருந்திருந்தால் அதற்கும் அர்த்தம் சொல்லியிருப்பேன்.) டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பிரித்தேன். டாக்டர் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது. படித்து முடித்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு, என் தோல்பையின் அடியில் வைத்தேன். அதோடு அந்த வீட்டில் அதைப் பார்க்கக்கூடிய வேறு கண்ணும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தறிகளை நிறுத்தினார்கள். மாமாவுக்குச் சத்தம் ஆகாது என்று. தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பன்னிரண்டு தறியும் ஓடும்போது யாருக்கும் பயம் வராது. பேச்சே கேட்காது, பயம் எங்கே வருவது? அவை நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாமா கட்டிலில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்தார், தறிக்கூடத்தின் பக்கம் காது கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒறம்பரை சொந்தமெல்லாம் வர ஆரம்பித்தது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று தீர்மானம். ஒருவரும் சொல்லவில்லைதான். ஆனால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அவர் காலைத் தொட்டுப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனால் எந்த மனிதருக்குத்தான் விளங்காது? அலமாரியில் ஹார்லிக்ஸ் ஒன்பது பாட்டில் சேர்ந்தது. ஒன்பதாவது வந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, கதவைச் சாத்திப்போட்டு வா."

சாத்தினேன்.

"இவிய ஒருத்தரும் எங்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க. டாக்டர்கிட்டப் பேசுனது நீ. என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. விரும்புனதைச் சாப்பிடச் சொன்னாரு."

அது பொய்கூட இல்லை. ஆனால் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதற்குச் சமாதானம் சொன்னது அவர்தான்.

"நீ எதுக்குக் கண்ணு அழுகறே? நீ இருந்ததுனால, எனக்கு இந்தளவாச்சும் தெரிஞ்சுது. படிக்காத புள்ளையக் கட்டியிருந்தா, ஒண்ணும் தெரியாமயே போயிருப்பேன்."

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அவர் ஆறடி ஆள். பாம்பைக் கையில் பிடித்து வேலிக்கு அப்பால் எறிந்தவர் என்று ஊரில் பேச்சு. அன்றைக்குப் பிறகு அவர் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாத்ரூம் கதவைத் தாழ் போட மறுத்தார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. கண் அயர்ந்தால் திடுக்கிட்டு விழிப்பார், இருக்கிறோமா என்று பார்ப்பது போலத் தன் கையையே தூக்கிப் பார்ப்பார். இரண்டே நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. 'டாக்டர் சொன்னது செரியாத்தான் இருக்குது' என்று அதைப் பார்த்து எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார்.

தம்பி என்றால் என் சின்ன மாமனார். பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் அவர் கோழிப்பண்ணை போட்டு, அந்த நாற்றம் காற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அதைப் பற்றி மாமா நாலு பேர் முன்னால் என்னவோ சொல்லப்போக, ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்ததே சுவருக்கு மேலாகத்தான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னதும் செருப்பைக்கூடப் போடாமல் வந்தார். உள்ளே வந்து கட்டிலருகில் நின்றார். அண்ணனைப் போலவே ஆறடி.

"உக்காரு" என்றார் மாமா.

"இருக்கட்டுங்கண்ணா."

"பண்ணை எப்பிடிப் போகுது?"

"கோழிக்குச் சீக்குங்கண்ணா. ஒரு கொட்டாயே போயிருச்சு."

"சொல்லியனுப்பலையே நீ."

"எப்பிடிங்கண்ணா சொல்லியனுப்பறது?"

மாமா கையை நீட்டினார். சின்ன மாமனார் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நாத்தம்னு நான் சொன்னது தப்புத்தான்டா" என்றார் மாமா. "நாத்தம் அடிச்சுது நெசந்தானுங்கண்ணா" என்றார் அவர். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். வாசல்படியில் நின்ற அத்தை முந்தானையைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கே ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்டு வருவதாகக் கிளம்பினார். நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம். அவர் இல்லாத நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இருந்த இடத்திலிருந்தே காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்.

ஐந்தாம் நாள் வந்தது. மாத்திரை அட்டையில் இரண்டு மீதி. காலையில் ஒன்றைக் கொடுத்தோம். வீடு நிறையக் கூட்டம். முன் அறையில் ஆண்கள் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், டிவியைச் சத்தம் குறைத்துப் போட்டு டெஸ்ட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காபித் தட்டோடு உள்ளே நுழைந்தேன். திரையில் மைதானத்தின் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். படிப்படியாக இருக்கைகள், அத்தனையும் காலி. ஒரே ஓர் ஆள், தலையில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வர்ணனைக்காரர் சொன்னார்:

"தேர் ஈஸ் ஹார்ட்லி எனிபடி இன் தட் ஸ்டாண்ட்."

நான் நின்றேன். கடுமையான கூட்டம் என்கிறானே, ஒருத்தரையும் காணோமே?

அடுத்த நொடி தட்டிலிருந்த தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்றன. யாரோ தட்டை வாங்கிக்கொண்டு, "பாவம், மருமகளுக்கு மாமன்மேல நெம்பப் பாசம்" என்றார்.

எங்கள் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். கல்யாணத்தின்போது கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியின் அடியில், காலேஜில் வாங்கிய இங்கிலீஷ்-தமிழ் அகராதி கிடந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. (அவ்வளவு பயன்படுத்தியிருக்கிறேன்.) எச்சிலைத் தொட்டுப் பிரித்தேன். ஹார்டுக்குக் கீழே தனியாக, தனக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது போல நின்றது ஹார்ட்லி. அரிதாக. இல்லையென்றே சொல்லத்தக்க அளவில்.

தரையில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை மறுபடி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். இதயத்தில் சேதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அடைப்பும் அப்படித்தான், இரண்டு விரலுக்கு நடுவே போகிற கடுகளவு. இங்கே நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள். விரும்பியதைச் சாப்பிடட்டும். அதே வாக்கியங்கள்தான். ஐந்து நாளாகச் சாவு ஓலையாக இருந்தது, இப்போது மாட்டுப்பொங்கல் மாதிரி இருந்தது.

சந்தோஷம் வரவில்லை. ஒரு மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று முதலில் தோன்ற வேண்டாமா? எனக்குத் தோன்றியது, இனி நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்பதுதான். அத்தை முகம் வந்தது. முன் அறையிலிருக்கும் நாற்பது பேர் வந்தார்கள். எங்கள் அப்பா வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற காட்சிகூட வந்தது. அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. பேசாமலே இருந்துவிட்டால்? இன்று பொழுதுக்குள் மாத்திரை தீரும். நாளைக்கு மாமா உயிரோடு எழுந்திருப்பார். நாளான்னைக்கும் எழுந்திருப்பார். மாசாணியம்மன் காப்பாற்றினாள் என்று எல்லாரும் சொல்வார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? நூற்றுக்கு நூறு சரியான யோசனையாகத்தான் பட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு, கடைசி மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். சின்ன மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமா மாத்திரையை உள்ளங்கையில் வாங்கினார். வாயில் போடவில்லை.

"இத்தோட தீந்துதா அம்மணி?"

"ஆமாங்க மாமா."

"அப்பறமாப் போட்டுக்கறேன். இப்ப வேண்டாம்."

விரல்களை மூடிக்கொண்டார். சின்னக் குழந்தை மிட்டாயை மறைக்கிற மாதிரி அந்தக் கை இறுக்கமாக மூடியிருந்தது. அதை விழுங்கிவிட்டால் முடிந்துவிடும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை, கண் இடுங்கிப்போயிருந்தது. நெஞ்சில் ஒரு குறையும் இல்லாத இந்த மனிதர், இந்தப் பயத்திலேயே இன்று செத்துப்போகக்கூடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் யோசனையில் அது சேர்த்தி இல்லை.

"மாமா" என்றேன். "நான் ஒண்ணு தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க."

"என்னது?"

"ஹார்ட்லின்னா கடுமையாங்கிறது இல்லீங்க மாமா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே முழுசாகச் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் எடுத்துக்கொண்டது, மேட்ச், அகராதி எல்லாம். சொல்லி முடித்ததும் மாமா மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"ஒருக்கா மறுபடி சொல்லு. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"இல்லைங்கிறதுதானுங்க. கிட்டத்தட்ட இல்லை."

"அப்ப எனக்கு அடைப்பு?"

"கிட்டத்தட்ட இல்லீங்க."

"நான் சாகமாட்டனா?"

"இப்போதைக்கு இல்லீங்க மாமா."

அவர் மூடியிருந்த கையைத் திறந்து மாத்திரையைப் பார்த்தார். "இது?"

"கேஸுக்குங்க."

நான் அடியை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தேன். அடி விழவில்லை. அவர் தம்பியைப் பார்த்துத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"அப்ப நான் எதுக்குடா உங்கிட்டப் பேசுனேன்?"

"பேசுனது பேசுனதுதானுங்கண்ணா" என்றார் சின்ன மாமனார். பிடித்த கையை அவர் விடவில்லை.

மாமா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உன்ற இங்கிலீசை நம்பி இனி என்னால சாகவும் முடியாது, பொழைக்கவும் முடியாது. அந்தக் காகிதத்தை எடு. தமிழ் தெரிஞ்ச டாக்டரைப் பாக்கோணும்."

பல்லடத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். மாமா, நான், என் வீட்டுக்காரர், சின்ன மாமனார் நாலு பேரும் போனோம். அவர் காகிதத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, "நோம்பிக்கு எத்தனை பந்தி உக்காந்தீங்க?" என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத வேண்டியதில்லை, கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து மாமா சொன்ன முதல் வார்த்தை "தறியைப் போடுங்கடா" என்பது. பன்னிரண்டும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்ததில், முன் அறையிலிருந்தவர்களுக்கு என் வீட்டுக்காரர் விளக்கிச் சொன்னது பாதி கேட்கவில்லை. அந்தக் கரண்டுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஒன்பது பாட்டில் ஹார்லிக்ஸை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் போகும்போது என் பக்கம் குனிந்து, "டிகிரி முடிச்சிட்டயா கண்ணு, இல்லை இன்னும் பாக்கி இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தை மட்டும் நம்பவில்லை. டாக்டர் முதலில் சொன்னது கடுமை என்றுதானாம். தான் மஞ்சள் துணியில் முடிந்து வைத்தபிறகு ஆத்தாள் அர்த்தத்தை மாற்றிவிட்டாளாம். அகராதியைக் கொண்டுவந்து காட்டினேன். "இதையும் அவதான் மாத்தியிருப்பா" என்றார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள், "ஆனைமலைக்குக் கெளம்பு" என்றார். கோயில் வாசலில் அத்தை மிளகாய் வாங்கியபோது நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அநியாயம் செய்தவர்கள்மேல் அம்மனிடம் முறையிட்டு, மிளகாய் அரைத்துப் பூசுகிற கோயில் அது. அத்தை ஆட்டுக்கல்லில் அரைக்க அரைக்க எனக்குக் கண் எரிந்தது.

"ஆரு மேலீங்க அத்தை?" என்று கேட்டே விட்டேன்.

"அந்த டாக்டர் மேலதான்" என்றார் கையை நிறுத்தாமல். "நம்ம ஊருக்கு வந்து பொழைக்கறவன் நாலு வார்த்தை தமிழ் படிச்சா என்ன?"

அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேச்சை விடவில்லை. நாற்றத்தைப் பற்றித் தினமும் சண்டை போட்டார்கள், ஆனால் பேசினார்கள். எங்கள் வீட்டில் ஹார்ட்லி தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் ஹார்ட்லி, உப்புக் கரித்தாலும் ஹார்ட்லி. எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்பது சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். வீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளைகள்தான் குழம்பிப்போவார்கள்.

மாமா இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தார். நிஜமாகவே அவர் போனது ஒரு காலை நேரம், அதே கோயமுத்தூரில் வேறோர் ஆஸ்பத்திரியில். டாக்டர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமான கொங்குத் தமிழில், "எங்களால ஆனதெல்லாம் செஞ்சு பாத்துட்டமுங்க. ஐயா போயிட்டாருங்க" என்றார். அத்தை அழ ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த சின்ன மாமனார் மட்டும் அசையாமல் நின்றார். பிறகு என் கையைப் பிடித்து, டாக்டர் போன கதவுப் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"நீ போயி ஒருக்கா நல்லாக் கேட்டுப்போட்டு வா அம்மணி" என்றார். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க."

நான் போனேன். கதவைத் தட்டி, அந்த டாக்டரிடம் மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.